கிளட்சை மிதித்ததும் குரூஸ் கண்ட்ரோல் ஏன் விலகிக்கொள்கிறது?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் போயிருப்பீர்கள். சாலை காலியாக இருக்கும் நேரத்தில், காரை ஓட்டுபவர் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு வலது காலை எண்ணெய் மிதியிலிருந்து எடுத்துவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? காலை எடுத்த பிறகும் கார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகத்தை நிலையாக வைத்திருக்கும் அந்தக் கருவியின் பெயர்தான் குரூஸ் கண்ட்ரோல்.

இன்று மலேசியாவில் விற்பனையாகும் புதிய கார்களில் பெரும்பாலானவை ஆட்டோ கார்கள். அவற்றில் கியரைக் காரே மாற்றிக்கொள்ளும். ஆனால், மேனுவல் கார்களிலும் குரூஸ் கண்ட்ரோல் உண்டு. அங்கே பொறியியலாளர்கள் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. வேகத்தைக் காக்கும் வேலை கருவியிடம் இருக்கிறது. கியரும் கிளட்சும் மனிதரிடம் இருக்கின்றன. ஒரே காரை இருவர் பங்குபோட்டு ஓட்டும்போது, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கான விடை கிளட்ச் மிதியின் அருகில் பொருத்தப்பட்ட ஒரு சிறிய சுவிட்சில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கருவியின் கதையைப் பார்ப்போம்.

பார்வையற்றவரின் கண்டுபிடிப்பு

குரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்தவரைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. அவருக்குக் கண் தெரியாது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் 1890-இல் பிறந்த ரால்ஃப் டீட்டர், 5 வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். ஆயினும் 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பிஸ்டன் வளையங்கள் தயாரிக்கும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவராகவும் உயர்ந்தார்.

அவருடைய வழக்கறிஞர் காரை ஓட்டும்போது ஒரு பழக்கம் இருந்ததாம். பேசும்போது வேகத்தைக் குறைப்பார், கேட்கும்போது கூட்டுவார். பக்கத்தில் அமர்ந்திருந்த டீட்டருக்குச் சாலை தெரியாது. ஆனால், கார் முன்னும் பின்னும் இழுபடுவதை உடல் உணர்ந்தது. வேகத்தைச் சீராக வைக்க ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் அந்த எரிச்சலில் வளர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942-இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. அமெரிக்காவின் டயர்களுக்குத் தேவையான ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் இன்று இந்தோனேசியா எனப்படும் தீவுகளிலிருந்தும்தான் போய்க்கொண்டிருந்தது. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களிலிருந்து போன ரப்பர் அது. வரத்து நின்றதும், டயர் தேய்மானத்தைக் குறைக்க அமெரிக்க அரசு மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர் என்ற வேக வரம்பைக் கொண்டுவந்தது. எரிபொருளும் மிச்சமானது. ஆனால், வரம்பைத் தாண்டாமல் ஓட்ட ஓட்டுநர் வேகமானியை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது.

டீட்டரின் கருவிக்கு 1950-இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமையில் உள்ள கருவி காரைத் தானாக ஓட்டவில்லை. குறித்த வேகத்தை எட்டியதும் எண்ணெய் மிதியைக் காலுக்கு எதிராகத் தள்ளி, ‘போதும்’ என்று உணர்த்தியது. வேகத்தைத் தானே பிடித்து நிறுத்தும் வசதி பிறகு சேர்ந்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இதை ‘ஆட்டோ பைலட்’ என்ற பெயரில் விற்றது. ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்பது கேடிலாக் நிறுவனம் வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

கருவி எப்படிச் சிந்திக்கிறது?

குரூஸ் கண்ட்ரோலுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. நீங்கள் குறித்த வேகம் 90. இப்போதைய வேகம் 88. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2. இந்த வித்தியாசத்தைப் ‘பிழை’ என்று அழைப்போம். பிழை இருந்தால் என்ஜினுக்குள் காற்று போகும் வழியை, அதாவது துராட்டில் வால்வைக் கருவி கொஞ்சம் திறக்கும். அதற்கேற்ப எரிபொருளும் கூடும், வேகம் கூடும். வேகம் 90-ஐத் தாண்டினால் வால்வை மூடும். விளைவைப் பார்த்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். அறையின் வெப்பநிலையைப் பார்த்துக் குளிர்சாதனம் இயங்குவதும் இதே முறையில்தான்.

பிழைக்கு ஏற்ற அளவு மட்டும் வால்வைத் திறந்தால் போதாது. ஏன் தெரியுமா? ஏற்றத்தில் கூடுதல் சக்தி வேண்டும். கூடுதல் சக்தி கிடைக்க வேண்டுமென்றால் பிழை இருந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே கார் 90-க்குத் திரும்பாமல் 87-இலேயே நின்றுவிடும். இதைச் சரிசெய்ய, கருவி ஒரு பாக்கிக் கணக்கும் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு குறைந்தது என்று கூட்டிக்கொண்டே வரும். பாக்கி கூடக்கூட வால்வை மேலும் திறக்கும். இப்படித்தான் ஏற்றத்திலும் வேகம் சரியாக 90-க்கு வந்து சேர்கிறது. கணிதத்தில் தொகையீடு படிக்கும்போது இந்தப் பாக்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அது இதுதான்.

ஆனால், இந்த அறிவாளிக் கருவியின் கையில் ஒரே ஒரு பிடிதான் இருக்கிறது: துராட்டில் வால்வு. ஆட்டோ காரில் அதற்கு ஒரு துணை உண்டு. சக்தி போதாவிட்டால் காரின் கணினி கியரை இறக்கிக் கொடுக்கும். மேனுவல் காரில் அந்தத் துணை நீங்கள்தான்.

ஏற்றத்தில் நடக்கும் கணக்கு

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறிய மேனுவல் கார், மணிக்கு 90 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் இத்தகைய காரைக் காற்று சுமார் 235 நியூட்டன் விசையோடு பின்னுக்குத் தள்ளும். டயர்கள் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 140 நியூட்டன். மொத்தம் 375 நியூட்டன்.

திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கிய அளவு. 375-ஐ 25-ஆல் பெருக்கினால் சுமார் 9.4 கிலோவாட். சமதளத்தில் 90-இல் ஓட இவ்வளவு போதும்.

இப்போது ஏற்றம் வருகிறது. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் பாதையையோ, கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும் காராக் நெடுஞ்சாலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்குக்காக 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவு என்று எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 1,200 × 9.8 × 0.05, ஏறத்தாழ 590 நியூட்டன். மொத்தத் தடை 965 நியூட்டனாகிறது. தேவைப்படும் திறன் 24 கிலோவாட். சமதளத்தைவிட இரண்டரை மடங்கு!

கார் ஐந்தாம் கியரில் இருக்கிறது. 90-இல் என்ஜின் நிமிடத்துக்கு 2,300 முறை சுற்றுகிறது. அந்தச் சுற்றில் 24 கிலோவாட் கொடுக்க 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். நம் என்ஜின் அந்தச் சுற்றில் அதிகபட்சமாக 95 மட்டுமே கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கருவி வால்வை முழுதாகத் திறந்துவிட்டது. இனித் திறக்க ஒன்றும் இல்லை. வேகம் மெல்லக் குறைகிறது. வேகம் குறையும்போது காற்றின் தடையும் குறைவதால் சுமார் 80-இல் கார் ஓரளவு நிலைகொள்ளும். சரிவு 5 மீட்டருக்குப் பதில் 6 மீட்டராக இருந்தால்? கணக்குப்படி வேகம் 50-க்கும் கீழே போய்விடும். ஒரே ஒரு மீட்டர் வித்தியாசம், இவ்வளவு பெரிய வீழ்ச்சி.

இதே காரை நான்காம் கியருக்கு மாற்றினால் 90-இல் என்ஜின் 3,000 முறை சுற்றும். அதே 24 கிலோவாட்டுக்கு இப்போது வேண்டியது 77 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கார் சிரமமின்றி ஏறும். கியர் உள்ள சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிறிய கியருக்கு மாற்றினால் கால் வேகமாகச் சுழலும். ஆனால், மிதி இலேசாகிவிடும்.

ஆகவே ஓட்டுநர் கியரை மாற்றத்தான் வேண்டும். அதற்குக் கிளட்சை மிதிக்க வேண்டும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

சங்கிலி கழன்ற சைக்கிள்

கிளட்ச் என்பது என்ஜினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் தட்டு. மிதியை அழுத்தினால் இணைப்பு விடுபடும். என்ஜின் தனியாகச் சுழலும். சக்கரங்கள் தனியாக உருளும்.

முழு பலத்தோடு சைக்கிளை மிதித்து மேடு ஏறும்போது சங்கிலி திடீரெனக் கழன்றால் என்ன ஆகும்? கால்கள் காற்றில் சுழலும். இரண்டு மூன்று முறை சுழன்றதும் ‘ஏதோ தவறு’ என்று உங்கள் மூளை புரிந்துகொண்டு கால்களை நிறுத்திவிடும்.

குரூஸ் கண்ட்ரோலுக்கு அந்த மூளை இல்லை. கிளட்ச் அழுத்தப்பட்டதை யாரும் அதனிடம் சொல்லாவிட்டால், அதற்குத் தெரிவது இவ்வளவுதான்: வேகம் குறைகிறது. நம் கணக்குக் காரின் வேகம், இணைப்பு அறுந்ததும் சமதளத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டரும், 5 மீட்டர் ஏற்றத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டரும் குறையும். கருவி உடனே வால்வை மேலும் திறக்கும். வேகம் கூடாது. பாக்கிக் கணக்கு ஏறும். இன்னும் திறக்கும். அதற்குள், இழுக்கச் சுமை எதுவும் இல்லாத என்ஜின் அலறிக்கொண்டு உச்சச் சுற்றுக்குப் பாய்ந்துவிடும்.

இன்றைய என்ஜின்களில் சுற்று எல்லை மீறினால் எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு உண்டு. ஆனாலும், அந்த நிலையில் ஓட்டுநர் கிளட்சை விட்டால், வேகமாகச் சுழலும் என்ஜின் மெதுவாகச் சுழலும் கியர்ப்பெட்டியோடு மோதிச் சேரும். கார் குலுங்கி முன்னே பாயும். கிளட்ச் தட்டு உரசித் தேயும். ஈரச் சாலையாக இருந்தால் டயர் வழுக்கவும் கூடும்.

கருவி கெட்டுப்போனதால் இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தன் வேலையை மிகச் சரியாகத்தான் செய்தது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே இருந்த இணைப்பு அறுந்துவிட்டது; அந்தச் செய்தி மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

சின்னச் சுவிட்ச் சொல்லும் செய்தி

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் கிளட்ச் மிதியில் சுவிட்ச் வைத்தார்கள். மிதி சற்று அழுந்தியதுமே குரூஸ் கண்ட்ரோல் விலகிக்கொள்ளும், வால்வு மூடிக்கொள்ளும். பிரேக் மிதியிலும் இதேபோன்ற சுவிட்ச் உண்டு. பிரேக் அழுத்தினால் ‘வேகம் வேண்டாம்’ என்று பொருள். கிளட்ச் அழுத்தினால் ‘இணைப்பு அறுகிறது’ என்று பொருள். காரணம் வேறு, விளைவு ஒன்று.

இந்தச் சுவிட்சின் அமைப்பில் ஓர் அழகான சிந்தனை இருக்கிறது. பல கார்களில், மிதியைத் தொடாமல் இருக்கும்போது மின்சுற்று மூடியிருக்கும்; மின்னோட்டம் பாயும். மிதித்தால் சுற்று திறந்து மின்னோட்டம் நின்றுபோகும். ஏன் இப்படித் தலைகீழாக? கம்பி அறுந்தாலும், இணைப்பு கழன்றாலும் மின்னோட்டம் நின்றுவிடும் அல்லவா? அப்போது ‘கிளட்ச் மிதிக்கப்பட்டிருக்கிறது’ என்று எண்ணிக் கருவி இயங்க மறுக்கும். பழுது ஏற்பட்டாலும் ஆபத்தில்லாத பக்கமே சாய வேண்டும் என்பது பொறியியலின் முக்கியப் பாடங்களில் ஒன்று. மேனுவல் காரில் குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாதபோது, மெக்கானிக் முதலில் சோதிக்கும் இடங்களில் இந்தச் சுவிட்சும் ஒன்று.

சில கார்களில் இன்னொரு காவலும் உண்டு. ஒவ்வொரு கியரிலும் என்ஜின் சுற்றுக்கும் கார் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாதது. நம் காரில் ஐந்தாம் கியரில் 2,300-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 25.6. நான்காம் கியரில் 33.3. இடையில் வேறு எண்ணே வர முடியாது. சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் விகிதம் தாறுமாறானால், கிளட்ச் விடுபட்டுவிட்டது அல்லது கியர் கழன்றுவிட்டது என்று கணினி கண்டுகொள்ளும். தொடக்கப்பள்ளியில் படித்த விகிதக் கணக்கு ஓர் என்ஜினைக் காப்பாற்றுகிறது!

சில புதிய மேனுவல் கார்கள் ஒரு படி மேலே போயிருக்கின்றன. நீங்கள் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் சில நொடிகளுக்குக் கருவி முழுதாக விலகாமல் வால்வை மட்டும் மூடிக்கொண்டு காத்திருக்கும். கிளட்சை விட்டதும் வேலையைத் தொடரும். பழைய கார்களில் ‘ரெசியூம்’ பொத்தானை அழுத்தினால்தான் பழைய வேகத்துக்குத் திரும்பும்.

இறக்கத்தில் யார் பிடிப்பது?

ஏற்றத்தில் கருவிக்குத் துணை வேண்டும் என்று பார்த்தோம். இறக்கத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். சாதாரண குரூஸ் கண்ட்ரோல் வால்வை மூட முடியும்; பல கார்களில் பிரேக்கைத் தொட முடியாது. வால்வு முழுதாக மூடிய பிறகு காரைப் பிடித்து வைப்பது என்ஜினின் எதிர்ப்பு மட்டுமே. ஐந்தாம் கியரில் அந்த எதிர்ப்பு சக்கரங்களுக்குக் குறைவாகவே போய்ச் சேரும். 5 மீட்டர் சரிவில் 590 நியூட்டன் இப்போது காரை முன்னே தள்ளுகிறது. காற்றும் டயரும் சேர்ந்து தடுப்பது 375 மட்டுமே. மிச்சத்தை என்ஜின் சமாளிக்காவிட்டால், 90 என்று குறித்த கார் 100-ஐத் தாண்டிப் போகும். கியரை இறக்கினால் என்ஜின் எதிர்ப்பு கூடும். அதையும் மேனுவல் காரில் ஓட்டுநர்தான் செய்ய வேண்டும்.

பாக்கிக் கணக்கும் இங்கே தொல்லை தரலாம். நீண்ட ஏற்றத்தில் வால்வை முழுதாகத் திறந்தும் வேகம் எட்டாமல் போனால் பாக்கி மலைபோல் சேரும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகும், பழைய பாக்கியைத் தீர்க்கக் கருவி வால்வைத் திறந்தே வைத்திருக்கும். இதைத் தடுக்க, வால்வு முழுதாகத் திறந்த நிலையில் பாக்கி எழுதுவதை நிறுத்தும்படி பொறியியலாளர்கள் நிரல் எழுதுகிறார்கள்.

முன்னே போகும் வாகனத்தை ரேடாரால் பார்த்து இடைவெளி காக்கும் புதுவகைக் கருவி வந்த பிறகும் மேனுவல் காரின் எல்லை மறையவில்லை. நெரிசலில் ஆட்டோ காரை அக்கருவி முழுதாக நிறுத்திவிட முடியும். மேனுவல் காரில் கிளட்சை மிதிக்காமல் நிறுத்தினால் என்ஜின் அணைந்துவிடும். அதனால் வேகம் மிகவும் குறைந்ததும் பொறுப்பை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு அது விலகிக்கொள்கிறது.

நீங்கள் ஓட்டும் நாளில்

17 வயதானதும் உங்களில் பலர் கார் ஓட்டும் உரிமம் எடுப்பீர்கள். டிஏ உரிமம் ஆட்டோவுக்கு மட்டும். டி உரிமம் இருந்தால் மேனுவலும் ஓட்டலாம். மேனுவலைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

முதலாவது, வேகத்துக்கு ஏற்ற கியரில் இருந்தபடியே குரூஸ் கண்ட்ரோலைப் போடுங்கள். நம் காரில் ஐந்தாம் கியரில் 50 என்று குறித்தால் என்ஜின் சுற்று 1,300-க்கும் கீழே இருக்கும். சின்ன மேடு வந்தாலும் இழுக்க முடியாமல் உதறும்.

இரண்டாவது, ‘ரெசியூம்’ அழுத்துமுன் எந்தக் கியரில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கருவிக்குப் பழைய வேகம் நினைவிருக்கும். நீங்கள் கியரை மாற்றிய காரணம் தெரியாது.

மூன்றாவது, மழையிலும் நெரிசலிலும் மலைப்பாதை வளைவுகளிலும் அதை அணைத்துவிடுங்கள். நம் ஊர் மாலை மழையில் சாலையில் நீர் தேங்கும். டயர் வழுக்குவதை உணர்ந்து மெதுவாக எண்ணெயைக் குறைக்க உங்கள் கால் மிதியில் இருக்க வேண்டும். வேகம் என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு மழை தெரியாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நம் கார் மூன்றாம் கியரில் 90-இல் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 4,200 முறை சுற்றுகிறது. முன்பு குறித்து வைத்த வேகம் 110. மூன்றாம் கியரிலேயே ஒருவர் ‘ரெசியூம்’ அழுத்திவிட்டார். கார் 110-ஐ எட்டும்போது என்ஜின் எத்தனை முறை சுற்றும்? என்ஜினின் எல்லை 6,000 என்றால் ஆபத்து உண்டா? அதே காரில் ஐந்தாம் கியரில் 110-இல் போனால் சுற்று எவ்வளவு? மூன்று வரிகளில் முடியும் விகிதக் கணக்குதான். விடையைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டில் மேனுவல் கார் ஓட்டுபவரிடம் நான்காம், ஐந்தாம் கியர்களில் 90-இல் அவர் காரின் சுற்றுமானி எதைக் காட்டுகிறது என்று கேளுங்கள். அடுத்த பயணத்தில் அவர் வேகமானியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து ஓட்டட்டும்; பக்கத்து இருக்கையில் அமர்ந்து எண்களை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய காரின் விகிதங்கள் உங்களுக்குக் கிடைத்துவிடும்.